டபராவில் ஊற்றிய ஒயின்

என் ஒயின் பெட்டியைத் திறந்தால் முதல் நாளே மாணவர்கள் சிரித்துவிடுவார்கள். நீளக் காம்பு வைத்த கண்ணாடிக் கோப்பைகள் ஆறு, துணி சுற்றியபடி இருக்கும். கார்க் திருகி இருக்கும், சின்னதாக ஒரு வெப்பமானி இருக்கும். அவற்றுக்கு நடுவே, விளிம்பு ஓரிடத்தில் நசுங்கிய எவர்சில்வர் டபரா ஒன்றும் இருக்கும். கும்பகோணத்துக் காபிக் கடைகளில் டம்ளரோடு சேர்த்து, ஆற்றிக் குடிக்கக் கொடுப்பார்களே, அதே டபராதான். "மேடம், காபி பிரேக்குக்கா?" என்று யாராவது கேட்பார்கள். இல்லை, ஒயினுக்குத்தான் என்பேன். மறுபடியும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நானும் ஒரு காலத்தில் அந்த டபராவைப் பார்த்துச் சிரித்தவள்தான். அதுவும் ஒரு மனிதரின் முகத்துக்கு நேராக, நாலு பேர் முன்னால்.

அந்த மனிதரை நாங்கள் எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். அப்போது நான் வேலை பார்த்த ஹோட்டலின் தலைமைச் சமையல்காரர். கண்ணை மூடினால் இப்போதும் அந்தக் காட்சி வருகிறது. சமையலறையின் கருங்கல் மேடை. மேடைமேல் டபரா. அதில் கால் அளவுக்குப் பொன்னிறமாக ஒயின். மாஸ்டர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இடுப்பிலிருந்து வளைந்து, மூக்கை டபராவுக்கு நேரே கொண்டுபோவார். ஒரே ஒரு மூச்சு இழுப்பார். நிமிர்ந்து ஜன்னல் வழியே காவிரியைப் பார்ப்பார். பிறகு மறுபடி வளைவார். "ஸ்கூல்ல தண்டனை வாங்கினவர் மாதிரி நிக்கிறீங்களே மாஸ்டர்" என்று நான் சொன்னதும் அடுப்பில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் லேசாகச் சிரித்தார். கைகளை மட்டும் அவிழ்க்கவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் கதையை இழுத்துக்கொண்டு போக எனக்கு வாய் வராது. மாஸ்டர் குடித்துக்கொண்டிருந்தவர். சாதாரணக் குடி இல்லை. கல்யாணச் சமையலுக்குப் போன இடத்தில் கரண்டியோடு விழுந்து கிடந்த குடி. அதற்கு ஆறு வருடங்களுக்கு முன்னால், கீழ்வேளூர்ப் பக்கம் அவருடைய ஊரில் இருக்கும் முனீஸ்வரன் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு விட்டுவிட்டார். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். பூசாரி முன்னால் சத்தியம் செய்து மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். கட்டியவர் ஒரு சொட்டு வாயில் வைத்தாலும் கயிறு போச்சு, ஆளும் போச்சு. அந்த ஆறு வருடத்தில்தான் அவர் பெண் பள்ளிக்கூடத்தை முடித்து நர்சிங் சேர்ந்தாள், அவர் மனைவி அடகுக் கடைக்குப் போவதை நிறுத்தினார், அவருக்கும் மாஸ்டர் என்று ஒரு பெயர் வந்தது. இது எதுவும் எனக்குத் தெரியாது. முழுக்கைச் சட்டையின் பொத்தானைப் போட்டே வைத்திருப்பார். அதற்குள் கயிறு இருந்ததும் தெரியாது.

எனக்குத் தெரிந்தது ஒயின். நான் பாபநாசத்துப் பெண். அப்பா பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சென்னையில் ஹோட்டல் படிப்பு படித்து, பெங்களூரில் வேலை பார்த்து, நாசிக்கில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒயின் பயிற்சி எடுத்து, பரீட்சைகளும் எழுதித் தேறியிருந்தேன். அப்பாவுக்கு இருதய ஆபரேஷன் ஆனதும் ஊரோடு வந்துவிட்டேன். சுவாமிமலைக்குப் போகும் வழியில் ஆற்றங்கரையோரம் இருந்த அந்த ஹோட்டலில் உணவகத்துக்கும் பாருக்கும் மேனேஜர் வேலை கிடைத்தது. வீட்டில் உணவகத்தை மட்டும் சொன்னேன். ஒயினை வாயில் வைத்துச் சுழற்றி ருசி பார்ப்பது என் வேலையில் பாதி என்பதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? எங்கள் தெருவில் ஒரு பெண் குடித்தாள் என்று பேச்சு வந்தால், குடிக்கவில்லை, ருசிதான் பார்த்தாள் என்று யாரும் திருத்தப் போவதில்லை. அதனால் எனக்குள் எப்போதும் ஒரு குறுகுறுப்பு இருந்தது. யாராவது என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்களா என்று நானே தேடிக்கொண்டு திரிவேன். தேடினால் கிடைக்காமலா போகும்?

அந்த வருடம் தை மாதம் முதலாளி ஒரு விருந்துக்கு ஏற்பாடு செய்தார். வெளிநாட்டுப் பயணிகள் பன்னிரண்டு பேர், மத்தியானச் சாப்பாடு. தஞ்சாவூர்ச் சமையல், அதற்குப் பொருத்தமாக ஒயின். அவர் வரவழைத்திருந்தது பிரான்ஸில் பர்கண்டி என்ற பகுதியின் வெள்ளை ஒயின், ஓக் பீப்பாயில் வைத்து முதிர்த்தது. "உங்க ரெண்டு பேர் பொறுப்பு" என்று மாஸ்டரையும் என்னையும் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மாஸ்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இது என்ன பழம் மேடம்?" என்பதுதான். ஷார்டனே என்று ஒரு பச்சைத் திராட்சை என்றேன். அதற்கென்று பெரிய வாசம் கிடையாது. கம்பத்துப் பன்னீர் திராட்சையை வாயில் போட்டால் இன்னது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். ஷார்டனே அப்படி இல்லை. விளைந்த மண் கொடுப்பதையும் செய்தவர் கை கொடுப்பதையும் வாங்கி வைத்துக்கொள்ளும். "அப்ப சோறு மாதிரின்னு சொல்லுங்க" என்றார். இத்தனை வருடம் படித்து எனக்குத் தோன்றாத ஒப்புமை. கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. பீப்பாயைப் பற்றிச் சொன்னேன். ஓக் பலகைகளை வளைத்துச் செய்து, உள்பக்கத்தை நெருப்பில் வாட்டுவார்கள். ஒயின் அதற்குள் மாதக்கணக்கில் கிடக்கும்போது வாட்டிய மரத்தின் வாசத்தை இழுத்துக்கொள்ளும். மாங்காய்ப் புளிப்பாக இருந்தது மெல்ல மெல்ல மோர்ப் புளிப்பாக மாறும், வெண்ணெய் மாதிரி ஒரு வழுவழுப்பு வரும். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "நான் வாயில வைக்க மாட்டேன் மேடம். மோந்து பாத்துக்கிறேன். கிளாஸ்ல வேணாம், ஒரு டபராவுல ஊத்துங்க."

டபராவா? பர்கண்டி ஒயினையா? பட்டிக்காட்டுத்தனம் என்று நினைத்தேன். ஊற்றிக் கொடுத்தேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முதல்முறை வளைந்தார். "ஒண்ணும் வரலையே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. மூக்கு பழக வேண்டும், வருடங்கள் ஆகும் என்றேன். அவர் வெங்காயம் நறுக்கப் போய்விட்டார். பத்து நிமிடம் கழித்து வந்து ஒருமுறை வளைந்தார். இன்னும் பத்து நிமிடம் கழித்து ஒருமுறை. அப்போதுதான் முகம் மாறியது. "இப்ப வருது மேடம். வெண்ணெய் காய்ச்சுவோம்ல, அது நெய்யாகுறதுக்கு ஒரு நிமிஷம் முந்தி ஒரு வாசம் வரும், அது. அப்புறம் தேங்காயை வறுத்து எடுத்து ஆறவச்ச மாதிரி ஒண்ணு. கடைசில எலுமிச்சம்பழத் தோல்." நான் என் கோப்பையை எடுத்து முகர்ந்தேன். மூன்றும் இருந்தன. ஊர் வெயிலுக்குப் பயந்து ஒயினை ஐஸ் மாதிரிக் குளிர வைத்திருந்தேன். குளிரில் வாசம் எல்லாம் அடங்கிப் போயிருக்கிறது. இந்த ரக ஒயினை அவ்வளவு குளிராகக் கொடுக்கக் கூடாது என்று நானே பரீட்சையில் எழுதியிருக்கிறேன். எழுதி என்ன, செய்யத் தோன்றவில்லை.

அடுத்த இரண்டு நாட்களும் சமையலறையில் ஒரே சோதனைதான். அவருடைய வழி யாரும் சொல்லிக் கேட்டறியாத வழி. ஒரு கரண்டியில் குழம்பை எடுத்து டபராவுக்குப் பக்கத்தில் மேடைமேல் வைப்பார். கையைக் கட்டிக்கொண்டு இரண்டுக்கும் நடுவில் குனிந்து ஒரே மூச்சில் இரண்டு வாசத்தையும் இழுப்பார். வத்தக்குழம்பை வைத்தபோது உடனே நிமிர்ந்துவிட்டார். "சண்டை போடுது. புளி ஆகாது." புத்தகமும் அதையேதான் சொல்கிறது. கடும் புளிப்பும் காரமும் இந்த ஒயினைக் கசப்பாக்கிவிடும். தேங்காய்ப்பால், முந்திரி, நெய், மிளகு, இறால், நண்டு, காளான், இவை பொருந்தும். வெண்பொங்கலுக்குப் பக்கத்தில் குனிந்தவர் நிமிரவே இல்லை. நெய்யில் பொரிந்த மிளகும் முந்திரியும் ஒயினும் சேர்ந்து வந்த வாசத்தை அப்படியே குடித்துக்கொண்டு நின்றார் என்றுதான் எனக்கு அன்று குறிப்பேட்டில் எழுதத் தோன்றியது. இப்போது அந்தச் சொல்லை எழுதக் கை கூசுகிறது.

பொங்கலுக்குச் சாம்பார் கிடையாது, கடப்பாதான் என்று அவரே முடிவு செய்தார். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, தேங்காயும் கசகசாவும் சோம்பும் அரைத்துவிட்ட கும்பகோணத்து வெள்ளைக் குழம்பு. பச்சை மிளகாயைப் பாதியாகக் குறைத்தார். இறாலைத் தேங்காய்ப்பாலில் மிளகு போட்டு இறக்கினார். நான் ஒவ்வொன்றையும் ஒயினோடு சாப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். பொறாமையாக இருந்தது. நாக்கில் வைக்காமலே ஒருவர் இவ்வளவு சொல்கிறார் என்றால் நான் பரீட்சைக்குக் கட்டின பணமும் காலமும் எதற்கு? அதோடு இன்னொன்றும் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. இவர் ஏன் ஒரு சொட்டுகூட நாக்கில் வைக்க மறுக்கிறார்? நான் குடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் ஏன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்? பொம்பளை குடிக்கிறாள் என்ற இளக்காரம்தான் என்று நானே கேள்வி கேட்டு, நானே பதிலும் எழுதிக்கொண்டேன்.

விருந்துக்கு இரண்டு நாள் முன்பு, மத்தியானம் மூன்று மணி. கடப்பாவில் உப்பு ஒயினுக்குச் சரியாக இருக்கிறதா என்று பேச்சு வந்தது. உப்பை முகர்ந்து சொல்ல முடியாது. நான் ஒரு கோப்பையில் கொஞ்சம் ஊற்றி அவரிடம் நீட்டினேன்.

"ஒரு சொட்டு மாஸ்டர். நாக்குல வச்சுட்டுத் துப்பிடுங்க."

"வேணாம் மேடம். நீங்களே பாத்துச் சொல்லுங்க."

"நான் பாத்துட்டேன். நீங்க பாக்கணும். உங்களுக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?"

அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். அடுப்படியில் இருந்தவர்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது எனக்கு இன்னும் ஏற்றிவிட்டது. "பொம்பளை ஊத்திக் குடுத்தா ஆகாதோ?" என்றேன்.

மாஸ்டர் கோப்பையை வாங்கிக்கொண்டார். முன்பின் பிடித்தறியாதவர் போலத் தடுமாறவில்லை, கை தானாகச் சுற்றிப் பிடித்தது. கோப்பை மார்புக்கு வந்தது, பிறகு தாடைக்கு வந்தது. அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். கூச்சம் என்று நினைத்தேன். கோப்பை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அவர் மெல்லக் குனிந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல், அதை டபராவில் ஊற்றினார். காலிக் கோப்பையை மேடையில் வைத்தார். "நான் டபராவோட நிறுத்திக்கிறேன் மேடம்" என்று சொல்லிவிட்டு, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் பின்வாசல் வழியே போய்விட்டார். ரோஷத்தைப் பார் என்று நான் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். ஆமாம், அதையும் சொன்னேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் மனைவி ஹோட்டலுக்கு வந்தார். அதுவரை நான் அவரைப் பார்த்ததில்லை. ஒல்லியான உடம்பு, கையில் ஒரு மஞ்சள் பை. "அவரு நேத்து வீட்டுக்கு வரல. இங்க ராத்திரி வேலைன்னு எதுவும் இருந்துச்சுங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சண்டையா, என்ன நடந்தது என்று அவர் கேட்கக் கேட்க, நான் கோப்பை நீட்டியதைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கயிற்றைப் பற்றி அப்போதுதான் சொன்னார். அது கட்டுவதற்கு முந்தைய நாட்களையும் கொஞ்சம் சொன்னார். "ஆறு வருஷமா நாங்க மனுசங்களா இருந்தோம் மேடம்" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சிறுத்துப்போனது வேறு எந்த நாளிலும் இல்லை.

என் ஸ்கூட்டரில் அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மாஸ்டரின் போன் அணைந்திருந்தது. பஸ் ஸ்டாண்ட், படித்துறை, அவர் கூட்டாளிகள் வீடு எல்லாம் பார்த்தோம். பன்னிரண்டு மணி ஆனதும் அந்த அக்கா, தலையைக் குனிந்துகொண்டு, "கடைக்கும் ஒரு தடவ போயிப் பாத்துடலாங்களா?" என்றார். எந்தக் கடை என்று கேட்கத் தேவை இருக்கவில்லை. பாபநாசத்தில் பிறந்து வளர்ந்த நான், தெரிந்தவர்கள் போய் வருகிற சாலையில், மதுக்கடை வாசலில் நின்றேன். எந்தக் கூச்சமும் வரவில்லை. அந்த அக்கா வரிசையில் நின்ற ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பக்கத்து பாருக்குள் தலையை நீட்டி, தரையில் கிடந்தவர்களைக்கூடக் குனிந்து பார்த்தார். அவருக்கு அது பழகின வேலை என்பது அந்தக் குனிதலில் தெரிந்தது. ஒரு கடை, இரண்டாவது கடை, மூன்றாவது கடை. ஒவ்வொன்றிலும் இல்லை என்று தெரிந்ததும் அவர் விட்ட மூச்சு இப்போதும் என் முதுகில் படுகிறது.

இரண்டரை மணிக்குத் தோற்றுப்போய் ஹோட்டலுக்குத் திரும்பினோம். சமையலறையில் மாஸ்டர் நின்றிருந்தார். தலை மொட்டையாக இருந்தது, சந்தனம் காய்ந்து கிடந்தது. வலது கையில் பழைய கயிற்றின்மேல் புதிதாக ஒரு மஞ்சள் கயிறு. எங்களைப் பார்த்ததும், "முந்திரி ஊறப்போடச் சொல்லிட்டீங்களா மேடம்? நாளைக்கு அரைக்கணும்" என்றார். அவர் மனைவி பையைக் கீழே வைத்தார். பக்கத்தில் போய் நின்று, அவர் வாயருகே முகத்தை வைத்து ஒருமுறை முகர்ந்து பார்த்தார். பிறகுதான் அழுதார்.

முந்தின நாள் சமையலறையை விட்டுப் போனவர் நேராகக் கும்பகோணம் போய்ப் பஸ் பிடித்து, திருவாரூர் வழியாக ஊருக்குப் போய், இரவு முழுக்க முனீஸ்வரன் கோயில் வாசலிலேயே படுத்துக் கிடந்திருக்கிறார். காலையில் பூசாரி வந்து இன்னொரு கயிறு கட்டியிருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்டேன். எல்லோர் முன்னாலும்தான் கேட்டேன், கோப்பையை நீட்டியதும் எல்லோர் முன்னாலும்தானே. அவர் ரொம்ப சங்கடப்பட்டார்.

"உங்க மேல தப்பில்ல மேடம். எனக்கு வாசத்தப் பத்திப் பயமில்ல. நான் குடிச்சப்ப என்னைக்கு வாசம் பாத்தேன்? மூக்கப் பொத்திக்கிட்டுல்ல ஊத்துனேன். இது வேற, இது சமையல் வாசம். கைதான் மேடம் பயம். கிளாஸ் கைக்கு வந்தா அது தானா மேல போயிருது. நேத்துப் போச்சே, நீங்களே பாத்தீங்களே. அதான் டபரா கேட்டேன். டபராவுல நம்மூர்ல யாரு வாய வைப்பா?"

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டதும் அதற்குத்தான் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

விருந்து நடந்தது. ஒயின் புட்டிகளைப் பரிமாறுவதற்கு இருபது நிமிடம் முன்பே குளிரிலிருந்து எடுத்து வெளியே வைத்தேன். டபரா சொல்லிக்கொடுத்த கணக்கு அது. தலைவாழை இலையில் வெண்பொங்கலும் கடப்பாவும் விழ, பக்கத்தில் பொன்னிறக் கோப்பை. அவர்கள் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. நம் கோயில்களைப் பற்றி விருந்தினர்களுக்குச் சொல்ல முதலாளி ஒரு பெரியவரை அழைத்திருந்தார். யார் என்று நிமிர்ந்து பார்த்தால், அப்பாவோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்த தமிழய்யா. எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவர். நான் அன்று முழுவதும் ஒயின் ஊற்றுவதை மற்றவர்களிடம் விட்டுவிட்டு, தண்ணீர் ஜக்கோடு நல்ல பிள்ளையாக நடமாடிக்கொண்டிருந்தேன்.

சாப்பாடு முடிந்ததும் வெள்ளைக்கார அம்மாள் ஒருவர் சமையல்காரரைப் பார்க்க வேண்டும் என்றார். மாஸ்டர் வந்து கும்பிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். அந்த அம்மாள் எழுந்து, புதிதாக ஒரு கோப்பையில் ஒயின் ஊற்றி, இரண்டு கைகளாலும் அவரிடம் நீட்டினார். அன்பாகத்தான் நீட்டினார். மாஸ்டர் தலையை அசைத்தார். முதலாளி பூரித்துப்போயிருந்தார். "அட வாங்கிக்கங்க மாஸ்டர், ஒரு வாய்தானே, நம்ம மானத்தக் காப்பாத்துங்க" என்றார். எல்லோரும் தங்கள் கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். மாஸ்டரின் கைகள் பின்னால் கட்டியிருந்தன. வலது கை அவிழ்வதைப் பார்த்தேன். முழுக்கைச் சட்டைக்குள்ளிருந்து மஞ்சள் கயிறு வெளியே வந்தது.

நான் எப்படி அங்கே போனேன் என்று தெரியவில்லை. ஜக்கை யார் இலைமேல் வைத்தேன் என்றும் தெரியவில்லை. அந்தக் கோப்பையை நடுவில் புகுந்து வாங்கினேன். "மாஸ்டர் சார்பா நான்" என்று இங்கிலீஷில் ஒருமுறையும் தமிழில் ஒருமுறையும் சொல்லிவிட்டு, ஒரே மடக்கில் குடித்தேன். முகரவில்லை, சுழற்றவில்லை. அந்த ஒயினை அப்படிக் குடிக்கவே கூடாது. என் பரீட்சைக்காரர்கள் பார்த்திருந்தால் சான்றிதழைத் திருப்பி வாங்கியிருப்பார்கள். எல்லோரும் சிரித்து, கைதட்டி, தங்கள் கோப்பைகளைக் குடித்தார்கள். தமிழய்யா மட்டும் மோர் டம்ளரைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போய்விட்டது. அம்மா மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. தட்டை மட்டும் முன்னால் வைப்பாள். அப்பா முதல் நாள் ராத்திரியே, அம்மா உள்ளே போனபின், "ஏம்மா குடிச்ச?" என்று கேட்டார். நடந்ததை முழுக்கச் சொன்னேன். "சரி, போய்ப் படு" என்றார். அப்பா அவ்வளவுதான் பேசுவார். எனக்கு அது போதுமாக இருந்தது. தெரு என்ன பேசியது என்று நான் எழுதப் போவதில்லை, தெருவுக்கே அது மறந்திருக்கும்.

அதன்பின் நானும் மாஸ்டரும் நான்கு வருடங்கள் அந்தச் சமையலறையில் சேர்ந்து வேலை பார்த்தோம். எத்தனையோ ஒயின்கள் அந்த டபராவுக்குள் வந்து போயின. ஒருநாளும் அவர் கைக்கு ஒரு கோப்பை போகாமல் நான் பார்த்துக்கொண்டேன். அதைப் பற்றி நாங்கள் ஒருமுறைகூடப் பேசியதில்லை. அப்பா போனபின் நான் சென்னைக்கு வந்துவிட்டேன், ஹோட்டல்காரர்களுக்கு ஒயின் வகுப்பு எடுக்க ஆரம்பித்தேன். கிளம்புகிற அன்று டபராவைத் துண்டில் சுற்றிக் கொடுத்தார். "அங்க கிடைக்காதுன்னு இல்ல. இருக்கட்டும்" என்றார்.

போன மாதம் ஒரு காலைப் பொழுதில் அவர் மனைவி கூப்பிட்டார். முந்தைய நாள் நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். பெண்தான் கூட இருந்தாளாம். அழுகை நின்றிருந்த குரலில் சொன்னார்: "கயிறோடதான் போனாரு மேடம். உங்ககிட்ட அதச் சொல்லணும்னு தோணுச்சு." போனைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அவர்தான் எனக்குச் சமாதானம் சொன்னார்.

அன்று மாலையே கிளம்புவதாக இருந்தேன். மத்தியானம் வகுப்பு இருந்தது, அதை முடித்துவிட்டுப் போகலாம் என்று போனேன். பாடம், பார்த்தால், ஓக் பீப்பாயில் முதிர்ந்த ஷார்டனே. கோப்பைகளில் ஊற்றி எல்லோர் முன்னாலும் வைத்தேன். வழக்கம்போல டபராவைப் பார்த்துச் சிரித்தார்கள். கடைசி மேசையில், ஒரு ஹோட்டலிலிருந்து அனுப்பியிருந்த சமையல்காரர், நாற்பது வயதிருக்கும், கோப்பையைத் தொடவில்லை. பக்கத்தில் இருந்தவர் "எடுங்க சார், வேலைதானே" என்று முழங்கையால் இடித்தார். அவர் இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு, ஒயினைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

நான் ஏன் என்று கேட்கவில்லை. அவர் முன்னால் இருந்த கோப்பையை எடுத்து, அந்த ஒயினை டபராவில் ஊற்றி, திரும்ப அவர் முன்னால் வைத்தேன். "வாசம் மட்டும் போதுங்க. அவசரமில்ல, கொஞ்சம் சூடேறட்டும்" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுந்து நின்று, நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்காமலே, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு டபராவை நோக்கிக் குனிந்தார்.